ஆறாம் அத்தியாயம்: முதலில் பிரேக், பிறகு என்ஜின்

மணப்பாறை, வையம்பட்டி, துவரங்குறிச்சி வட்டாரத்தில் ஓர் இளைஞர் "ஜப்பான் வண்டி ஒண்ணை மாடிஃபை பண்ணப்போறேன்" என்றால் பெரும்பாலும் அது மாருதியாகத்தான் இருக்கும். 1985 கடைசியில் வந்த ஜிப்ஸி, 1993-இல் வந்த ஜென், 1994-இல் வந்த எஸ்டீம் ஆகிய மூன்றுக்குள்ளும் இருப்பது சுசுகியின் என்ஜின். கையில் கொஞ்சம் காசு கூடுதலாக இருந்தால் 1998-இல் வந்த முதல் ஹோண்டா சிட்டியைப் பிடிப்பார். இல்லையென்றால் அதே ஆண்டு முதல் நம் திருவள்ளூரிலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சரைத் தேடுவார். வீட்டுக் கொட்டகையில் வேலை பழக இவையெல்லாம் அருமையான வண்டிகள். எடை குறைவு, உள்ளே கை போக இடம் உண்டு, கணினியின் தலையீடும் குறைவு. இந்த அத்தியாயத்துக்கு எஸ்டீமை எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கும் முறை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

இந்தச் சின்ன என்ஜின்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டியபோது அதற்குள் வைத்தது மாருதி 800-இன் 796 சிசி என்ஜினைத்தான். தென்னிந்தியாவில் ஒரு தலைமுறைப் பந்தய ஓட்டுநர்கள் அதில்தான் தேறினார்கள். நல்ல அளவுகோலும் பொறுமையும் இருந்தால் நம் ஊர்ப் பட்டறையில் என்ன முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

வேலையில் இறங்குமுன் ஒரு கட்டுப்பாடு. பிரேக்கை முடித்து, ஓட்டிப் பார்த்து, மனம் நிறைந்த பிறகே என்ஜினைத் தொட வேண்டும். நடைமுறையில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் சைலன்சர், அடுத்து அலாய் வீல், அதற்கடுத்து என்ஜின் என்று போய், பிரேக்கின் முறை வரும்போது பணம் தீர்ந்திருக்கும். இந்தப் புத்தகத்தை வைத்து வேலை செய்பவர்கள் அந்த வரிசையில் போக வேண்டாம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள எஸ்டீம் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதை முழுதாக நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 3,86,000 ஜூல். அதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகும். முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 8 கிலோ இரும்பு என்று கொண்டால், ஒரே ஒரு நிறுத்தத்தில் அவற்றின் சூடு ஏறத்தாழ 70 டிகிரி ஏறும். ஆறுவதற்குள் அடுத்த மிதி, அடுத்த மிதி என்று போனால் சூடு எங்கே நிற்கும் என்று பாருங்கள். என்ஜினில் கூட்டும் ஒவ்வொரு குதிரைத்திறனும் கடைசியில் இந்த இரண்டு இரும்புத் தட்டுகளின் தலையில்தான் இறங்குகிறது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே உள்ள என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பது ஒரு வழி, வேறு என்ஜினை இறக்கி வைப்பது வேறு வழி. இரண்டாவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்அனுமதி வாங்கி, புது என்ஜின் எண்ணைச் சான்றில் ஏற்ற வேண்டும். பழைய இரும்புக் கடையில் எண் தேய்த்த என்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கொட்டகை

தரை சிமெண்டாக இருக்க வேண்டும். செம்மண் தரையில் ஜாக் வைத்தால் ஒரு பக்கம் அமிழும். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியதும் இரண்டு ஆக்சில் ஸ்டாண்டைக் கொடுத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, உலுக்கிப் பார்த்த பிறகே அடியில் தலையை விட வேண்டும். ஹாலோபிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். ஷீட் கூரையின் குறுக்குக் குழாயில் செயின் பிளாக்கைத் தொங்கவிடக் கூடாது. கனமான இரும்புக் குழாயில் முக்காலி அடித்துக்கொள்ளுங்கள், அல்லது என்ஜின் கிரேனை வாடகைக்கு எடுங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் நம் பக்கம் புழுதி எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று பக்கம் திறந்த கொட்டகையில் அந்த மாதத்தில் என்ஜினைத் திறந்து வைப்பது, பேரிங்குக்குள் மணலைத் தூவுவதற்குச் சமம். பிரிப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பூட்டுவதை மழை முடிந்த மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் வீட்டுக்குள் ஓர் அறையை ஒழியுங்கள்.

பிரேக்

பெரிய டிஸ்க் வாங்கக் கிளம்பும் முன், இருப்பதை முழுத் திறனுக்குக் கொண்டுவாருங்கள். இருபது வருட எஸ்டீமில் "பிரேக் பத்தலை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பத்தாமல் இருப்பது பராமரிப்புதான்.

முதல் வேலை ஃப்ளூயிட். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன். அதை இவற்றோடு கலக்கவே கூடாது. திறந்து பாதி வைத்த டப்பாவை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்சுவர் ஊதியிருக்கும். மிதிக்கும்போது அழுத்தம் போகும், விட்டபின் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகி, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கேலிப்பரைக் குற்றம் சொல்லிப் புதிது வாங்குவதற்கு முன் அந்தச் சக்கரத்தின் ஹோஸை மாற்றிப் பாருங்கள். எஃகு வலை சுற்றிய ஹோஸ் போட விரும்பினால் பிரேக்குக்கென்றே தயாராகி அழுத்தச் சோதனை முடிந்ததை வாங்க வேண்டும். ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கும் கடையில் இதை அடித்துவரக் கூடாது.

மூன்றாவது, கேலிப்பரின் சறுக்கு ஊசிகள். இவை துருப்பிடித்து இறுகினால் ஒரு பக்கத்து பேட் தேய்ந்து தீரும், மறுபக்கத்து பேட் புதிது மாதிரி இருக்கும். கழற்றி, துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸும் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பர் சீலை ஊத வைத்துவிடும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மேலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் பாருங்கள், அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துத் தேய்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பின்சக்கர டிரம்மில் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர் போய்விட்டது.

இவ்வளவும் முடிந்து, நல்ல பேடும் போட்ட பிறகும் போதவில்லையென்றால் பெரிய டிஸ்க்குக்குப் போகலாம். அதே நிறுவனத்தின் கனமான மாடலிலிருந்து நக்கிள், டிஸ்க், கேலிப்பர் மூன்றையும் ஒரே செட்டாக எடுப்பதே பாதுகாப்பான வழி. "அது இதுக்கு அப்படியே உக்காரும்" என்று யார் சொன்னாலும் ஆணி வட்டம், டிஸ்க்கின் உள்ளாழம், வீலுக்கும் கேலிப்பருக்கும் இடைவெளி மூன்றையும் நீங்களே அளந்து பாருங்கள். கேலிப்பரைப் பிடிக்க வெல்டிங் வைத்த பிராக்கெட் ஒருபோதும் கூடாது.

பெரிய கேலிப்பர் போட்டவர்கள் தவறவிடுவது மாஸ்டர் சிலிண்டரை. கேலிப்பர் பிஸ்டன் 48 மில்லிமீட்டரிலிருந்து 54-க்குப் போனால் பரப்பு 27 சதவீதம் கூடும். அந்த அளவு கூடுதல் ஃப்ளூயிட் போனால்தான் பேட் அதே தூரம் நகரும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் அந்த விகிதத்தில் ஆழமாகப் போகும். அதனால்தான் முழு செட் என்கிறேன். பின்பக்கத்தை மட்டும் பலப்படுத்துவதும், பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் பிடுங்கி எறிவதும் ஆபத்தான வேலைகள். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும். டயருக்கும் இதில் பங்குண்டு. உருளும் விட்டம் 5 சதவீதம் கூடினால் ரோட்டில் கிடைக்கும் பிரேக் விசை ஏறக்குறைய அதே அளவு குறையும். அழகுக்காக உயரமான டயர் போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரத்தடியில் இருப்பவர் "மிதி" என்பார். பெடலில் இருக்கும் தம்பி மெதுவாக மிதித்து, அழுத்திப் பிடித்து, "பிடிச்சிருக்கேண்ணே" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். கண்ணாடிக் குழாய் வழியே குமிழியோடு ஃப்ளூயிட் வரும். நிப்பிளை இறுக்கி "பூட்டியாச்சு, விடு" என்ற பிறகுதான் பெடல் மேலே வரலாம். இந்த நான்கு சொற்களில் ஒன்று முன்பின் மாறினாலும் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போடுங்கள். வழக்கமாகப் போகாத ஆழம் வரை பெடல் போனால் மாஸ்டர் சிலிண்டரின் துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழியும். எந்தச் சக்கரம் முதலில் என்பதை மேனுவல் சொல்லும். குறுக்காகப் பிரித்த லைன் என்றால் வரிசை வேறு. நடுவில் ரிசர்வாயர் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்திய ஃப்ளூயிட் பெயிண்டை அரிக்கும், உடனே தண்ணீர் விடுங்கள்.

கடைசியாக பூஸ்டர். என்ஜினை அணைத்து, மூன்று நான்கு முறை மிதித்து, பெடலில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. முதல் ஓட்டம் ஆளில்லாத மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில். பிறகு 40. திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். பேட் படிய, 60-இலிருந்து 10 வரை அளவாக மிதித்து இறக்குவதைப் பத்து முறை செய்து, நிற்காமல் ஓட்டியே ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடி நிறுத்தி வைக்கக் கூடாது.

என்ஜின்

முதல் கேள்வி, திறக்கத்தான் வேண்டுமா? என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து கம்ப்ரஷன் பாருங்கள். சுசுகியின் 1300 சிசி என்ஜினுக்கு மேனுவல் தரும் அளவு ஏறத்தாழ 199 பிஎஸ்ஐ, கீழெல்லை 170, சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 14-க்குள். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும். இறக்கத்தில் கால் எடுத்து, மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல். அதற்கு முழு என்ஜினையும் இறக்க வேண்டியதில்லை.

திறப்பதென்று முடிவானால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஒரு ஜோடி. மாற்றிப் பூட்டக் கூடாது. எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் என்று குறித்துவிட்டுக் கழற்றுங்கள். மெயின் பேரிங் மூடிகளும் அப்படியே. ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்திலும், ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு திசையிலும் போர் கேஜால் அளந்து எழுதுங்கள். கோணலும் நீள்வட்டமும் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டினால் ரீபோர் செய்தே ஆக வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்கோலை வைத்து ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள், 0.05-க்கு மேல் நுழைந்தால் ஃபேசிங். எஸ்டீமின் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம், உள்ளே இரும்பு ஸ்லீவ். ஒருமுறை தண்ணீரில்லாமல் ஓடிய என்ஜினில் ஹெட் வளைந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

போரிங், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங், ஃபேசிங் நான்கும் வீட்டு வேலை இல்லை. இதில் நம் மாவட்டம் கொடுத்துவைத்தது. பொன்மலை ரயில்வே பணிமனை 1928 முதல் இயங்குகிறது. திருவெறும்பூரில் பெல் 1960-களில் வந்தது, அதைச் சுற்றித் துவாக்குடியில் பட்டறைகள் பெருகின. மைக்ரோமீட்டரைக் கண்போல் வைத்திருக்கும் மனிதர்கள் இங்கே உண்டு. பட்டறையைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் சோதனை ஒன்றுதான்: "அளவு எழுதித் தருவீங்களாண்ணே?" என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகு போரைக் கொடுங்கள். 0.25, 0.50 என இரண்டு ஓவர்சைஸ் உண்டு. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, எண் எழுதி, அந்தந்த சிலிண்டரை அந்தந்த பிஸ்டனுக்கு அறுக்கச் சொல்ல வேண்டும். இடைவெளி 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர். ஓவர்சைஸ் போட்டால் பவர் ஏறும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். 74.0 போரை 74.5 ஆக்கினால் 1298 சிசி என்ஜின் 1316 ஆகும், அவ்வளவுதான். வட்டமான சிலிண்டரும் சரியாக உட்கார்ந்த வால்வும் திருப்பித் தரும் பவர் அதைவிடப் பல மடங்கு. ஹெட்டை ஆழமாகச் சீவி கம்ப்ரஷனை ஏற்றுவதும் வேண்டாம். பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் ஓட்டும்போது சுமையில் தட்டல் சத்தம் வந்தால் பிஸ்டன் உடையும். அந்தப் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் இருப்பதால், என்ஜின் வெளியே இருக்கும்போதே எல்லாப் பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை அப்படியே பூட்டுபவர்கள்தான் ஆறு மாதத்தில் மறுபடி இறக்குகிறார்கள். ஹோனிங் கல்லின் பொடி போரின் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். பெட்ரோலால் துடைத்தால் அது போகாது. வெந்நீர், சோப்புத்தூள், பிரஷ் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் நனைத்துத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாகும். திரும்பக் கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை இதை விடக் கூடாது. ஆயில் பாதைகளுக்குள் நீளமான பிரஷ் விட்டு, காற்றடித்து, உடனே எல்லா இரும்புப் பரப்பிலும் ஆயில் தடவிவிடுங்கள். இல்லையென்றால் கண்ணெதிரே துரு ஏறும்.

பூட்டும்போது பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் வைத்துப் பாருங்கள். மெல்லிய அந்த இழையை ஜர்னல்மேல் வைத்து, மூடியைச் சரியான டார்க்கில் இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் திறந்து, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். ரிங்கைத் தனியாக போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளங்கள். மெயின் மூடி ஒவ்வொன்றை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எதை இறுக்கியபோது கனத்ததோ, கோளாறு அங்கேதான். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். டைமிங் பெல்ட் பூட்டியபின் ஸ்டார்ட்டரைத் தொடாமல் ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அப்படியே நிறுத்திவிட வேண்டும்.

ரேடியேட்டரில் நம் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும், பாதைகளில் படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி போதும். பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு, தண்ணீர்ச் சூடு, கசிவு மூன்றையும் கவனியுங்கள். ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட்டால் ரிங் படியாது. அன்றைக்கே ரோட்டில் இறக்கி, வேகத்தை ஏற்றியும் இறக்கியும், கனமாக மிதிக்காமல் ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இயல்பு. கண்ணுக்குத் தெரியும் பளபளக்கும் துண்டுகள் இருந்தால் வண்டியை ஓட்டாமல் பேரிங்கைத் திறக்க வேண்டும். 1000 கிலோமீட்டரில் கம்ப்ரஷனைத் திரும்ப எடுத்து, பழைய அளவுக்குப் பக்கத்திலேயே நோட்டில் எழுதுங்கள்.

புது என்ஜின் கிடைத்த ஆசையில் எல்லோரும் முதலில் கிளம்புவது கொல்லிமலைக்கு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது என்ஜினின் வேலை, இறங்குவது பிரேக்கின் வேலை. இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் நோட்டை எடுத்து, ஃப்ளூயிட் மாற்றிய தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.